பஞ்சாங்கம் தந்தது கணக்கே!

(‘பஞ்சாங்கம் நமக்குத் தந்தது கணக்கா? கலக்கமா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘கணக்கே’ அணியின் நிறைவுப் பேச்சு)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! கலக்கமே என்று சொல்லிக் கலக்கிவிட்டுப் போயிருக்கும் எதிரணி நண்பர்களே! பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் இந்தத் தாம்பரத்து மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! 

எதிரணியில் பேசிய சகோதரி ரொம்ப அழகாகச் சொன்னார். “காலையில எழுந்து காலண்டர் தாளைக் கிழிச்சா, ஒரு நாள் போச்சேன்னு கவலையில்ல. புதுத் தாளில ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் வரிசையா நிக்குது. நாம வாழறதுக்கு மிச்சம் எத்தனை மணி நேரம்?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல கேள்விக்குக் கைதட்டலாம், தப்பில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விடக்கூடாது இல்லையா?

நடுவர் அவர்களே, முதலில் பஞ்சாங்கம் என்றால் என்ன? பஞ்ச அங்கம். ஐந்து உறுப்பு. கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், கரணம். சகோதரி பயந்தாரே ராகு காலம், சூலம், அதெல்லாம் இந்த ஐந்தில் இருக்கிறதா? இல்லை! வீட்டுக்கு ஐந்து பேர் சொந்தக்காரர்கள். திண்ணையில் நாலு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். திண்ணையில் இருக்கிறவரைப் பார்த்துப் பயந்து வீட்டையே வேண்டாம் என்கிறார் சகோதரி. (சிரிப்பு)

அந்த ஐந்து பேர் யார் என்று பார்ப்போம். வானத்தை ஒரு பெரிய கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 360 பாகை. இரண்டு முள். சின்ன முள் சூரியன். ஒரு சுற்றுக்கு ஒரு வருஷம். பெரிய முள் சந்திரன்; ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 27 நாள். இந்த இரண்டு முள்ளும் ஒன்றாக நின்றால் அமாவாசை. நேர் எதிராக நின்றால் பௌர்ணமி. ஒன்றை விட்டு ஒன்று 12 பாகை விலகினால் ஒரு திதி. 360-ஐ 12-ஆல் வகுத்தால் 30. அதனால் மாதத்துக்கு 30 திதி. அவ்வளவுதான் சமாச்சாரம்.

சந்திரன் போன தூரத்திலிருந்து சூரியன் போன தூரத்தைக் கழித்தால் திதி. இரண்டையும் கூட்டினால் யோகம். திதியைப் பாதியாக்கினால் கரணம். வானத்தை 27 பங்காக்கி, சந்திரன் எந்தப் பங்கில் நிற்கிறான் என்று பார்த்தால் நட்சத்திரம். சூரிய உதயத்தை ஏழு ஏழாக எண்ணினால் கிழமை. கூட்டல், கழித்தல், வகுத்தல், எண்ணிக்கை! இதில் கலக்கம் எங்கே இருக்கிறது நடுவர் அவர்களே? கணக்கு வாத்தியாரைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு வேண்டுமானால் இருக்கலாம். (கைதட்டல்)

ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை. “ஏகாதசி நேத்தே போச்சு” என்கிறார் மாமியார். “இல்லை அத்தை, இன்னிக்குக் காலையிலகூட ஏகாதசின்னு போட்டிருக்கு” என்கிறார் மருமகள். இரண்டு பேர் சொன்னதும் சரி. இங்கிலீஷ் தேதி ராத்திரி 12 மணிக்கு மாறும். நம்ம கிழமை சூரிய உதயத்தில் மாறும். ஆனால் திதி இருக்கிறதே, அது எப்போது வேண்டுமானாலும் மாறும். பகல் 11 மணி 20 நிமிஷத்துக்கும் மாறும், நடுராத்திரியிலும் மாறும். சராசரியாக ஒரு திதி 23 மணி 37 நிமிஷம். ஆனால் சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுகிற ஆள் இல்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது வேகம். தள்ளிப் போகும்போது நிதானம். அதனால் ஒரு திதி 20 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரத்துக்கு மேலும் நீளும். இதைத்தான் அந்தச் சின்னத் தாளில் ‘இன்று இத்தனை மணி வரை தசமி, பின்பு ஏகாதசி’ என்று ஒரு வரியில் போடுகிறான். அது வானத்து நிலவரம்.

ஆனி மாதத்துக்கு 32 நாள் வருகிறது, மார்கழிக்கு 29 நாள்தான். ஏன் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? சூரியன் ஒரு ராசியைக் கடக்கிற காலம் ஒரு மாதம். ஜூலை ஆரம்பத்தில் பூமி சூரியனுக்குத் தூரத்தில் இருக்கிறது, மெதுவாகப் போகிறது. ஜனவரி ஆரம்பத்தில் கிட்டே இருக்கிறது, வேகமாகப் போகிறது. அதனால் ஆனி நீளம், மார்கழி குட்டை. இந்த விஷயம் மேல்நாட்டுப் புத்தகத்தில் விதியாக இருக்கிறது. நம்ம வீட்டில் சுவரில் ஆணியில் தொங்குகிறது! (கைதட்டல்)

சரி, கிழமைக்கு வருவோம். இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற ஏழு கிழமை நமக்கு மட்டும் சொந்தமானது இல்லை. இங்கிலீஷிலும் சூரியன் பேரில் ஒரு நாள், சந்திரன் பேரில் ஒரு நாள், சனி பேரில் ஒரு நாள். மேற்கிலிருந்து வந்த வானியலோடு அந்த ஏழும் நம் நாட்டுக்கு வந்தது. இந்தியாவில் கிழமை போட்டுத் தேதி எழுதிய பழைய கல்வெட்டுகளில் பேர் பெற்றது மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஏரண் கல்வெட்டு. புதகுப்தன் என்ற குப்த அரசன் காலம், கி.பி. 484, வியாழக்கிழமை. வெளியூரிலிருந்து வந்த நல்ல கணக்கை வாங்கி, நம்ம திதி நட்சத்திரத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். ‘எங்க தாத்தா சொன்னதுதான்’ என்று பிடிவாதம் பிடிக்கவில்லை.

அப்படிச் சேர்த்ததால் நமக்குக் கிடைத்த லாபம் என்ன? நம் சரித்திரமே கிடைத்தது! சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் பலவற்றில் ‘இன்ன ராஜாவுக்கு யாண்டு ஐந்தாவது’ என்று இருக்கும். ஐந்தாவது என்றால் எப்போதிலிருந்து ஐந்து? ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தார் என்று தெரிந்தால்தானே? கல் பேசாது. ஆனால் அந்தக் கல்லிலேயே பக்கத்தில் ஒரு வரி இருக்கும். இன்ன ராசி மாதம், வளர்பிறை, இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம். இந்த ஐந்தும் ஒன்றாகப் பொருந்துகிற நாள் ஒரு ராஜாவின் காலத்தில் அடிக்கடி வராது. பூட்டு மாதிரி. சரியான சாவி போட்டால்தான் திறக்கும்.

அந்தப் பூட்டைத் திறந்தவர் யார் தெரியுமா? திவான் பகதூர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். அவர் கிறிஸ்தவர் என்பதைக் கவனியுங்கள். கி.பி. 700 முதல் 1799 வரைக்கும், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு, ஒவ்வொரு நாளுக்கும் திதி நட்சத்திரக் கணக்குப் போட்டு 1922-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். நம் ராஜாக்கள் பலரின் காலத்தை ஆராய்ச்சிக்காரர்கள் நிர்ணயித்தது அந்தக் கணக்கை வைத்துத்தான். பஞ்சாங்கம் கலக்கமாக இருந்திருந்தால் ஒரு கிறிஸ்தவப் பெரியவர் அதற்காக ஆயுளைச் செலவழித்திருப்பாரா? அது கணக்கு. கணக்குக்கு மதம் இல்லை நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

“இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம். பஞ்சாங்கம் எழுதின பழைய ஆள் என்ன கணக்குப் போட்டார்? ஏட்டைப் பார்த்து எழுதினார்” என்றார் எதிரணித் தம்பி. தம்பி, இங்கிருந்து தெற்கே, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போய்விட்டு வருவோம், வாங்க.

லெ ஜாந்தி என்று ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் போவதைப் பார்க்க 1760-ல் கப்பலேறினார். வெள்ளி 1761-ல் குறுக்கே போனபோது மனுஷன் நடுக்கடலில் இருந்தார். புதுச்சேரி இங்கிலீஷ்காரன் கையில், இறங்க முடியவில்லை. சரி, எட்டு வருஷம் கழித்து மறுபடி வருமே என்று காத்திருந்தார். 1769 ஜூன் மாதம், புதுச்சேரியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேகம் மூடிவிட்டது! ஊருக்குத் திரும்பினால், இவர் இறந்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள் சொந்தக்காரர்கள். (சிரிப்பு) அவருக்கு ஒருவேளை நேரம் சரியில்லை என்று எதிரணி சொல்லலாம்!

ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. புதுச்சேரியில் தமிழர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைத்துச் சொன்னது. அன்றைக்கு ஐரோப்பாவின் சிறந்த அட்டவணை, ஜெர்மானியர் மேயர் போட்டது, 68 வினாடி கூட்டிச் சொன்னது. எழுதி வைத்தது நாம் இல்லை, அந்த பிரெஞ்சுக்காரர்!

இன்னும் அரை நூற்றாண்டு கழித்து, ஜான் வாரன் என்று ஒரு ராணுவ அதிகாரி. நம்ம சென்னை வானாய்வுக் கூடத்தைக் கொஞ்ச காலம் கவனித்துக்கொண்டவர். நம் காலக் கணக்குகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதி 1825-ல் சென்னையில் வெளியிட்டார். பேர், ‘கால சங்கலிதா’. அவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பார்க்கிறார். அவரிடம் காகிதம் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்துகிறார். அட்டவணை முழுதும் மனப்பாடம். எண்களை எழுத்தாக்கி, எழுத்தை வாக்கியமாக்கி, பாட்டு மாதிரி நெஞ்சில் வைத்திருக்கிறார். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம், நாளுக்கு ஒன்று. ‘வாக்கியப் பஞ்சாங்கம்’ என்று பேர் வந்தது அதனால்தான். அந்த மனுஷர் சோழியை நகர்த்தி, 1825 மே 31, ஜூன் 1 ராத்திரிச் சந்திர கிரகணத்தைச் சொன்னார். கிரகணம் பிடிக்கிற நேரத்தில் வித்தியாசம் நாலே நாலு நிமிஷம்!

நான் வக்கீல் மாதிரி சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார மாட்டேன். பிடிக்கிற நேரத்தில் 4 நிமிஷம். ஆனால் விடுகிற நேரத்தில் 52 நிமிஷம் வித்தியாசம். ஏன்? அந்த வாக்கியங்கள் பல நூற்றாண்டுக்கு முன்னால் கட்டியவை. ஒரு நாளைக்குக் கடிகாரம் கண்ணுக்குத் தெரியாத அளவு பிந்தினால் ஒன்றும் தெரியாது. நூறு நூறு வருஷமாக ஓடினால்? வானம் ஓரிடத்தில், வாக்கியம் ஓரிடத்தில்!

அப்போது என்ன செய்ய வேண்டும்? கடிகாரத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டுமா, முள்ளைத் திருப்பி வைக்க வேண்டுமா? திருப்பி வைக்க ஒருத்தர் வந்தார். நம்ம நுங்கம்பாக்கத்தில்! சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வுக் கூடத்தில் முதல் உதவியாளர். 1867-ல் ஒளி மாறுகிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பகலில் துரைகளோடு தொலைநோக்கி. மற்ற நேரம் பஞ்சாங்கம். “கண்ணால் காண்கிறதற்கும் கணக்குக்கும் வித்தியாசம் இருந்தால், கணக்கைத் திருத்து” என்பது அவர் கட்சி. அப்படித் திருத்திய கணக்குக்குத்தான் ‘திருக்கணிதம்’ என்று பேர். ‘த்ருக்’ என்றால் பார்வை. பார்த்துச் சரிபார்த்த கணிதம். அவர் அந்த முறையில் பஞ்சாங்கமே கணித்து வெளியிட்டார். 1874 டிசம்பரில் வெள்ளி மறுபடி சூரியனுக்குக் குறுக்கே போனபோது, சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி ஒரு சிறு நூலும் எழுதினார். எதிர்ப்பு இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஆனால் அவர் பஞ்சாங்கத்தை விடவில்லை, கணக்கையும் விடவில்லை.

அந்த வழக்கு இன்றைக்கும் முடியவில்லை. சனிப்பெயர்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது அதே வருஷம் டிசம்பர் 20. பதினொரு மாதம்! நடுவில் பதினொரு மாதம் சனி பகவான் எந்த வீட்டில் இருந்தார்? வாடகை யார் கொடுத்தார்? (சிரிப்பு) நான் கோயிலைக் குறை சொல்லவில்லை. கோயிலுக்கு ஒரு மரபு உண்டு. மரபுப்படி விழா நடக்கட்டும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து “ஐயோ, ஏழரை ஆரம்பிச்சுடுச்சே” என்று நடுங்குகிறாரே ஒருத்தர், அவர் எந்தத் தேதியிலிருந்து நடுங்குவது? நடுங்குவதற்கு முன்னால் கணக்கைக் கேட்டிருந்தால், நடுக்கம் பாதி குறைந்திருக்கும்.

சுதந்திரம் வந்த பிறகு அரசாங்கமே இதைக் கையில் எடுத்தது. 1952-ல் மேகநாத் சாஹா என்ற பெரிய விஞ்ஞானி தலைமையில் காலண்டர் சீர்திருத்தக் குழு போட்டார்கள். நாடு முழுக்கத் தேடினால் சுமார் முப்பது விதப் பஞ்சாங்கம். 1955-ல் அறிக்கை கொடுத்தார்கள். 1957 மார்ச் 22-ல் தேசிய நாள்காட்டி அமலுக்கு வந்தது. பஞ்சாங்கம் கலக்கம்தான் என்றால் சாஹா போன்றவர் “ஒழித்துக்கட்டு” என்றுதானே சொல்லியிருப்பார்? “திருத்து” என்றார். கணக்கைத்தான் திருத்த முடியும். கலக்கத்தைத் திருத்த முடியாது.

இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ராகு காலத்துக்கு வருகிறேன். சகோதரி ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்.

“திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?” பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. திங்கள் ஏழரை முதல் ஒன்பது. அப்படியே ஒன்றரை ஒன்றரை மணியாக ஏறி, ஞாயிறு நாலரை முதல் ஆறு. இது எப்படி வந்தது? சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலை எட்டுப் பங்கு போடு. திங்களுக்கு இரண்டாவது பங்கு, சனிக்கு மூன்றாவது, ஞாயிறுக்கு எட்டாவது. பகல் 12 மணி நேரம், அதாவது 30 நாழிகை என்றால், எட்டில் ஒரு பங்கு மூன்றே முக்கால் நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம். ஆகவே ஒன்றரை மணி. இதுவும் வகுத்தல் கணக்குத்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தாம்பரத்தில் தினமும் காலை 6 மணிக்கா சூரியன் உதிக்கிறது? ஜூன் ஆரம்பத்தில் சுமார் 5.42-க்கே வந்துவிடுகிறது. டிசம்பர் நடுவில் சுமார் 6.22 ஆகிறது. பகலும் ஒரே நீளம் இல்லை. ஜூனில் எட்டில் ஒரு பங்கு 96 நிமிஷம். டிசம்பரில் 85 நிமிஷம். அப்படியானால் திங்கட்கிழமை ராகு காலம் ஜூனில் 7.18 முதல் 8.54. டிசம்பரில் 7.47 முதல் 9.12! மார்கழி மாதத் திங்கட்கிழமை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, 9 மணி ஒரு நிமிஷத்துக்கு “அப்பாடா, ராகு காலம் முடிஞ்சுது” என்று வாசற்படி தாண்டுகிறாரே, அவர் நேரே ராகு காலத்துக்குள்ளேதான் காலை வைக்கிறார்! (சிரிப்பு, கைதட்டல்) இத்தனை வருஷமாக வைத்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. நல்லாத்தான் இருக்கிறார்.

இன்னொரு கூத்து. நம்ம ஊருக்கென்று ஒரு நேரம் இருந்தது. சென்னை நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னால். நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தில் கணக்கிட்ட நேரம். ரயில்களும் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்குப் பொது நேரம் வந்தது, ஐந்தரை மணி. அன்றைக்கு நம்ம கடிகாரத்தை 9 நிமிஷம் முன்னால் தள்ளினார்கள். கடிகார முள் தள்ளியது. சூரியன் தள்ளினானா? ராகு தள்ளினாரா? அவருக்கு யாராவது சுற்றறிக்கை அனுப்பினார்களா? அந்தக் காலத்துப் பஞ்சாங்கத்தில் மணி கிடையாது; ‘உதயாதி நாழிகை’ என்றுதான் இருக்கும். உதயம் முதல் இத்தனை நாழிகை. உன் ஊரில் எப்போது சூரியன் உதிக்கிறதோ அங்கிருந்து எண்ணிக்கொள் என்று அர்த்தம். சிவகாசியில் அச்சடித்த தாளைச் சிங்கப்பூருக்கு எடுத்துக்கொண்டு போய் மாட்டுகிறார்கள். அங்கே சூரியன் உதிக்கவே சுமார் 7 மணி. உதித்த அரை மணியில் ராகு காலம் வந்துவிடுமா? கணக்கு இருந்த இடத்தில் நாம் மணியை மட்டும் வைத்துக்கொண்டோம். மணியோடு பயமும் வந்துவிட்டது.

சூலத்தைப் பார்ப்போம். செவ்வாய், புதன் வடக்கே சூலம். நம்ம தாம்பரத்து ஜனங்கள் வேலைக்கு எந்தப் பக்கம் போகிறார்கள்? கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் வந்தது 1931. அன்றிலிருந்து இன்று வரை செவ்வாயும் புதனும் இந்த ஊரே வடக்கு நோக்கித்தானே நிற்கிறது? உட்கார இடமில்லாமல் நிற்கிறது! (சிரிப்பு) சூலத்துக்குப் பயந்திருந்தால் அந்த இரண்டு நாளும் ரயிலில் படுத்துக்கொண்டே போகலாம். “பரிகாரம் இருக்கே சார், பால்” என்பீர்கள். அதுவும் ஆகிவிட்டது. காபி குடிக்காமல் எவன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான்? (பலத்த சிரிப்பு) ஜனங்களுக்கு எதைத் தலையில் வைக்கணும், எதைத் தண்டவாளத்தில் வைக்கணும் என்று தெரியும்.

“அப்படின்னா இன்றைக்குப் பஞ்சாங்கம் எதுக்கு?” என்று தம்பி கேட்பார். தம்பி, கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பாருங்க. முகூர்த்த நாள் வந்தால் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சுபமுகூர்த்த நாளுக்குக் கூடுதல் டோக்கன் தருவதாகப் பதிவுத்துறையே அறிவிக்கிறது. மடிப்பாக்கத்தில் மனை வாங்குகிறவரும், மேடவாக்கத்தில் பிளாட் வாங்குகிறவரும் ஒரே நாளில் வந்து நிற்கிறார்கள். கல்யாண மண்டபக்காரர், பூக்காரம்மா, சமையல்காரர், நாதஸ்வரக்காரர் எல்லோரும் வருஷம் பிறக்கும் முன்னாலேயே அந்த நாட்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். எத்தனை பேருக்கு அது வேலை நாள்! ஊரே ஒரு நாளில் கூடுவதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பைத் தந்தது பஞ்சாங்கம்.

கடைசியாக ஒன்று. இது சிரிக்கிற விஷயம் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் 4.40-க்கு நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டுகிறது. மருமகள் ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள். வீட்டில் ஒருத்தர் தடுத்தார். “ராகு காலம்மா. ஆறு மணி ஆகட்டும். இந்த நேரத்துல கிளம்பினா...” என்றார். கெட்ட எண்ணம் இல்லை, பாசம்தான். அந்தப் பெண் யார் பேச்சையும் கேட்கவில்லை. “மாமா, என் தோளைப் பிடிச்சுக்குங்க” என்று சொல்லித் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பிழைத்துக்கொண்டார். “இன்னும் ஒரு மணி நேரம் தாமதிச்சிருந்தா சொல்றதுக்கில்லை” என்றார் டாக்டர்.

எதிரணி இந்தக் கதையைக் கேட்டால், “பார்த்தீர்களா, கலக்கம்!” என்று சொல்லும். நான் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். ஜூன் மாதம். சூரிய உதயம் 5.42. எட்டில் ஒரு பங்கு 96 நிமிஷம். ஏழு பங்கு போனால் 4 மணி 54 நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் அங்கேதான் ஆரம்பம். பெரியவருக்கு வலி வந்தது 4.40. ராகு காலம் ஆரம்பிக்கவே இல்லை! ஆரம்பிக்காத ராகு காலத்துக்குப் பயந்து ஓர் உயிரை உட்கார வைக்கப் பார்த்தார்கள். அந்தப் பெரியவரைத் தடுத்தது பஞ்சாங்கமா? கணக்குத் தெரியாத காலண்டர் தாள்! (நீண்ட கைதட்டல்)

ராகு காலம் ஆரம்பித்தே இருந்தாலும் என்ன? ‘ஆபத்துக்குப் பாவமில்லை’ என்று சொன்னதும் நம்ம பெரியவர்கள்தானே? கல்யாணத்துக்கு நாள் பார், வீடு குடிபோக நாள் பார். வலிக்கு நாள் பார் என்று யார் சொன்னது? ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்குக் கிளம்புகிறார். நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்ததாகவும், பிள்ளை கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்பியதாகவும் பெரியபுராண மரபு. ஒன்பது கோளின் பேரையும் வரிசையாகச் சொல்லி, எல்லாம் நல்லதே என்று பாடினார். கோளின் பேர் தெரியாமல் அல்ல. தெரிந்துகொண்டே பயப்படாமல் போனார். பயத்துக்கு மருந்து 1300 வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம வீட்டில் இருக்கிறது.

நடுவர் அவர்களே! தரையில் சோழியை நகர்த்திய புதுச்சேரிக்காரர் கணக்குப் போட்டார். நுங்கம்பாக்கத்து ரகுநாதாச்சாரி கணக்கைத் திருத்தினார். சுவாமிக்கண்ணுப் பிள்ளை அந்தக் கணக்கால் சரித்திரத்தைத் திறந்தார். கலக்கம் எப்போது வந்தது? போடுகிறவன் கணக்குப் போட, பார்க்கிறவன் கேள்வி கேட்பதை நிறுத்தியபோது வந்தது. பழி, கேட்காதவன் மேல். பஞ்சாங்கத்தின் மேல் இல்லை.

தாய்மார்களே, நாளைக் காலையில் தாளைக் கிழிக்கும்போது பக்கத்தில் பேரனை நிறுத்திக்கொள்ளுங்கள். “இன்னிக்கு என்ன திதி? சந்திரன் சூரியனை விட்டு எத்தனை பாகை தள்ளியிருக்கு?” என்று கேளுங்கள். பன்னிரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். ராத்திரி மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சந்திரன் அங்கே இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அவனுக்குக் கணக்குப் பிடித்துப்போகும். கணக்குப் பிடித்த பிள்ளைக்கு இருட்டிலும் பயம் வராது.

ஆகவே, பஞ்சாங்கம் நமக்குத் தந்தது கணக்கே, கணக்கே என்று அறுதியிட்டுக் கூறி, நடுவர் அவர்கள் நல்ல நேரம் பார்க்காமல் உடனே எங்கள் பக்கம் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)